அடுக்குமாடியில் இருந்துகொண்டு மின்சார கார்: சார்ஜ் எங்கே போடுவது?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: வீடு ஐந்தாவது மாடியில், கார் நிற்பது அடித்தள பார்க்கிங்கில், வீட்டு மீட்டர் வேறொரு மூலையில். மின்சார கார் வாங்க ஆசை. குடியிருப்போர் சங்கத்தில் கேட்டால் "ஆளாளுக்கு சார்ஜர் மாட்டினால் கட்டடத்தின் லோடு தாங்காது" என்று கையை விரிக்கிறார்கள். தனி வீடு இல்லாதவர் இந்தக் காரை வாங்கலாமா, கூடாதா?

வாங்கலாம். ஆனால் ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை பார்க்கிங்குக்குப் போய், உங்கள் கார் நிற்கும் இடத்திலிருந்து மெயின் போர்டு வரை நடந்து பாருங்கள். எத்தனை மீட்டர் தூரம் வருகிறது என்று அளந்துகொள்ளுங்கள். செலவைப் பெரும்பாலும் அந்தத் தூரம்தான் தீர்மானிக்கும். நான் ஒயரிங் தொழிலில் இருப்பவன். ஓட்டுவதும் மின்சார கார்தான், குடியிருப்பதும் அடுக்குமாடியில்தான். இந்த விவகாரத்தில் நான் பார்த்த சண்டைகள் எல்லாமே சார்ஜரை வைத்துத்தான் நடந்தன. சார்ஜர் சின்ன விஷயம். ஒயர் எங்கிருந்து வருகிறது, பில் யார் பேரில் போகிறது, ஐம்பதாவது கார் வரும்போது என்ன ஆகும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முதலில் உங்களுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடுவோம். நடுத்தர அளவுள்ள ஒரு மின்சார கார் 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 15 யூனிட் எடுக்கும். பெரிய வண்டி என்றால் 20 யூனிட் வரை போகலாம். நீங்கள் தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 6 யூனிட். சார்ஜ் ஏறும்போது வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் 7 யூனிட். 230 வோல்ட் சப்ளை உள்ள இடத்தில் 16 ஆம்ப்ஸ் பாயிண்ட் ஒன்று மணிக்கு 3.7 யூனிட் கொடுக்கும். அதாவது இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. 10 ஆம்ப்ஸ்தான் கிடைக்கிறது என்றாலும் மூன்று மணி நேரம் போதும். 120 வோல்ட் நாடுகளில் சாதாரண சுவர் பாயிண்டிலிருந்து 12 ஆம்ப்ஸ் எடுத்தால் 1.4 கிலோவாட், அங்கேயும் ஐந்து மணி நேரத்தில் அன்றைய ஓட்டத்துக்கு ஆகிவிடும். இரவு முழுக்க கார் சும்மாதானே நிற்கிறது? குழாயில் நூல் போலத் தண்ணீர் வந்தாலும் விடிவதற்குள் குடம் நிரம்பிவிடும் என்பது போலத்தான்.

பெட்ரோல் பழக்கம் நம்மை இந்த இடத்தில்தான் ஏமாற்றுகிறது. டேங்க் காலியாக வேண்டும், பிறகு ஒரே மூச்சில் நிரப்ப வேண்டும் என்று மனம் கேட்கிறது. உடனே 7.4 கிலோவாட், 11 கிலோவாட், 22 கிலோவாட் என்று பெரிய பெட்டியாகத் தேடுகிறோம். சுவரில் மாட்டும் அந்தப் பெட்டியை எல்லோரும் சார்ஜர் என்கிறோம், ஆனால் அது சார்ஜரே இல்லை. சுவரில் வரும் ஏசி மின்சாரத்தை, பேட்டரி ஏற்கும் டிசியாக மாற்றி உள்ளே ஏற்றும் சார்ஜர் காருக்குள்ளேயே இருக்கிறது. சுவர்ப் பெட்டி ஒரு புத்திசாலி சுவிட்ச், அவ்வளவுதான். கேபிளில் உள்ள ஒரு மெல்லிய கம்பி வழியாக நொடிக்கு 1000 துடிப்புகள் அனுப்பி, "இப்போதைக்கு நீ இத்தனை ஆம்ப்ஸ் வரை எடுத்துக்கொள்ளலாம்" என்று காருக்குச் சொல்லும். துடிப்பின் அகலத்தை மாற்றினால் அந்த அளவு மாறும். கார் அதற்குக் கட்டுப்படும். காருக்குள் இருப்பது 7.4 கிலோவாட் சார்ஜர் என்றால், சுவரில் 22 கிலோவாட் பெட்டி மாட்டினாலும் ஏறுவது 7.4தான். பெட்டிக்குக் கொடுத்த மீதிக் காசு தண்டம். பெட்டியிலிருந்து காருக்குப் போகும் அந்தத் துடிப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சங்கத்தின் "லோடு தாங்காது" என்ற வாதத்துக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

அதற்கு வருமுன் ஓர் எச்சரிக்கை. "சாதாரண பாயிண்டே போதும்" என்றதும் பார்க்கிங் தூணில் இருக்கும் ஏதோ ஒரு சாக்கெட்டில் செருகிவிட வேண்டாம். ஒரு குடியிருப்பில் கருகல் வாசனை வருகிறது என்று கூப்பிட்டார்கள். பெருக்கும் மிஷினுக்காகப் போட்ட பழைய சாக்கெட். அதில் யாரோ ஒரு மாதமாக இரவில் கார் சார்ஜ் போட்டிருக்கிறார்கள். பிளக்கை இழுத்தேன், வரவில்லை. ஆட்டி ஆட்டி எடுத்தபோது வலப்பக்கத் துளையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி, வெல்லப்பாகு போல உருகிப் பிளக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அளவுக்கு மேல் ஆம்ப்ஸ் ஓடினால் தானாக விழும் எம்சிபி சுவிட்ச் விழவே இல்லை, ஏனென்றால் ஆம்ப்ஸ் அளவு மீறவில்லை. தொட்டுக்கொள்ளும் இடம் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். இஸ்திரிப் பெட்டியும் கெட்டிலும் சில நிமிடங்கள் இழுத்துவிட்டு ஓய்ந்துவிடும். கார் அதே ஆம்ப்ஸை ஆறு மணி நேரம் விடாமல் இழுக்கும். தளர்ந்த தொடுமுனையில் வெப்பம் ஏறும், வெப்பம் ஏற ஏற ஸ்பிரிங் இன்னும் தளரும், தளரத் தளர வெப்பம் இன்னும் ஏறும்.

அதனால் காருக்கென்று தனி ஒயர், தனி எம்சிபி, சரியான எர்த், தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் கனமான சாக்கெட் அல்லது சுவர்ப் பெட்டி. இதில் பேரம் இல்லை. மின்கசிவு பிடிக்கும் பிரேக்கரிலும் ஒரு நுணுக்கம் உண்டு. காரின் சார்ஜரிலிருந்து டிசி கசிவு வந்தால் வீடுகளில் வழக்கமாகப் போடும் பிரேக்கருக்கு அது தெரியாது. தெரியாததோடு நிற்காமல், வேறு கசிவையும் கண்டுகொள்ளாதபடி அதை மந்தமாக்கிவிடும். 6 மில்லி ஆம்ப்ஸ் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் அமைப்பு பெட்டிக்குள் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அப்புறம், பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிட்டு சார்ஜ் போடுவதை எங்கேயாவது பார்த்தால், அது உங்கள் நண்பராகவே இருந்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள். உருளையில் சுற்றியபடியே இருக்கும் ஒயரில் இரவெல்லாம் மின்சாரம் ஓடினால் உள் சுற்றுகளின் வெப்பம் வெளியேற வழியே இருக்காது.

சரி, லோடு விஷயம். சங்கத்துக்காரர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் போடும் கணக்கில்தான் தவறு. 100 வீடுகள், 100 கார்கள், ஆளுக்கு 7.4 கிலோவாட் என்றால் 740 கிலோவாட். எந்தக் கட்டடத்துக்கும் தலை சுற்றும். இப்போது அதையே யூனிட்டில் போட்டுப் பாருங்கள். ஒரு காருக்கு ஒரு நாளைக்கு 7 யூனிட், 100 காருக்கு 700 யூனிட். இரவு பத்து மணி நேரத்தில் பரப்பிக் கொடுத்தால் சராசரி 70 கிலோவாட். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் எல்லா வீட்டு ஏசியும் அடுப்பும் லிஃப்டும் மும்முரமாக ஓடும் மாலை நேரத்தில் வேண்டியதில்லை. ஊர் தூங்கிய பிறகு, கட்டடத்தின் லோடு படுத்துக்கிடக்கும் நேரத்தில் கொடுத்தால் போதும்.

பரப்பிக் கொடுப்பது யார்? அதற்குத்தான் லோடு மேனேஜ்மென்ட். மெயின் கேபிளைச் சுற்றி வளையம் போல ஒரு கருவியை மாட்டுவார்கள். கட்டடம் மொத்தமாக எத்தனை ஆம்ப்ஸ் இழுக்கிறது என்று அது நொடிக்கு நொடி அளந்துகொண்டே இருக்கும். மிச்சம் எவ்வளவு இருக்கிறதோ அதை ஒரு மென்பொருள் கார்களுக்குப் பங்கு போட்டு, அந்தத் துடிப்பு வழியாக ஒவ்வொரு காருக்கும் சொல்லும். சர்வதேசத் தரப்படி ஏசி மின்சாரத்தில் சார்ஜ் ஏற ஒரு காருக்குக் குறைந்தபட்சம் 6 ஆம்ப்ஸ் கொடுத்தாக வேண்டும். அது ஏறக்குறைய 1.4 கிலோவாட். 70 கிலோவாட்டில் ஒரே நேரத்தில் 50 கார்களுக்கு அந்த அளவில் கொடுக்கலாம். மீதிக் கார்கள் வரிசையில் நிற்கும், முறை வரும்போது தானாக ஏறும். பாதிப் பேர் அன்று செருகவே மாட்டார்கள் என்பது வேறு விஷயம். நடைமுறையில் இதைவிடத் தாராளமாகவே கிடைக்கும். 6 ஆம்ப்ஸிலேயே இரவெல்லாம் ஓட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. காருக்குள் விழித்திருக்கும் கணினிகளும் பம்பும் எடுக்கும் மின்சாரம் எந்த வேகத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் மெதுவாக ஏற்றினால் வீணாகும் விகிதம் கூடும். பத்துக் காருக்கு நல்ல அளவில் கொடுத்து, பிறகு அடுத்த பத்துக்கு மாற்றுவதே நல்ல ஏற்பாடு. நல்ல மென்பொருள் அப்படித்தான் செய்யும்.

இது இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். முதலில் வந்த மூன்று பேர் ஆளுக்கொரு 7.4 கிலோவாட் பெட்டி, ஆளுக்கொரு தனிக் கேபிள் என்று போட்டுக்கொண்டார்கள். கட்டடத்தில் உபரியாக இருந்தது அவ்வளவுதான். நான்காவதாக வந்தவர் ஓர் ஆசிரியை, தினம் 20 கிலோமீட்டர் ஓட்டுபவர். அவருக்கு 2 கிலோவாட் போதும். "இனி இடமில்லை" என்று சொல்லிவிட்டார்கள். அந்த மூன்று பெட்டிகளும் ஒரு நாளில் இருபது மணி நேரத்துக்கு மேல் சும்மா சுவரில் தொங்கிக்கொண்டிருந்தன. பிறகு எல்லாவற்றையும் கழற்றி, பொதுவான ஏற்பாடாக மாற்ற இரண்டு மடங்கு வேலை ஆனது. அதனால் சங்கத்திடம் "எனக்கு ஒரு சார்ஜர் வேண்டும்" என்று கேட்காதீர்கள். பார்க்கிங் நெடுகக் கேபிள் ட்ரே ஒன்று, எல்லோருக்கும் பொதுவாக ஒரு தடித்த கேபிள் (ஃபீடர்), அதிலிருந்து வேண்டியவர் வேண்டும்போது கிளை எடுத்துக்கொள்ளும் வசதி, ஆரம்பத்திலேயே லோடு மேனேஜ்மென்ட் என்று கேளுங்கள். இன்று இரண்டு கார்தான் என்றாலும் அப்படியே கேளுங்கள். பெட்டி வாங்கும்போது மென்பொருளோடு ஓசிபிபி என்ற பொது மொழியில் பேசுகிறதா என்று பார்த்துக்கொண்டால், நாளை மென்பொருள் நிறுவனம் கடையை மூடினாலும் வேறொருவரிடம் மாறிக்கொள்ளலாம்.

சிறிய கட்டடம் என்றால் இவ்வளவு தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு வீடுகள், மீட்டர் பேனல் பார்க்கிங்கிலேயே இருக்கிறது என்றால் அவரவர் மீட்டரிலிருந்து அவரவர் இடத்துக்கு ஒயர் இழுப்பதுதான் சுத்தமான வழி. பில்லில் தகராறே வராது. தூரம் கூடும்போதுதான் தொல்லை. 80 மீட்டர் தள்ளி உள்ள பார்க்கிங்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 16 ஆம்ப்ஸ் ஓடினால் வழியிலேயே 19 வோல்ட் இறங்கிவிடும். 300 வாட் மின்சாரம் சுவருக்குள் வெப்பமாகப் போகும், சார்ஜ் ஏறும் நேரம் முழுக்க, உங்கள் காசில். அதே தூரத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இறக்கம் 8 வோல்ட்தான். ஒயரிங் செய்பவர் "2.5 போதும் சார்" என்றால் தூரத்தைச் சொல்லி மறுபடி கேளுங்கள். ஐம்பது வீடுகள் இப்படித் தனித்தனியாக இழுத்தால் ஷாஃப்ட்டுக்குள் ஒயர் மூட்டைதான் மிஞ்சும். அங்கே பொது ஃபீடரும், ஒவ்வொரு பாயிண்டுக்கும் சப் மீட்டரும், அட்டையைக் காட்டினால் மட்டும் இயங்கும் பூட்டும் போதும். மாதக் கடைசியில் யார் எத்தனை யூனிட் என்று பட்டியல் வந்துவிடும்.

கூட்டத்தில் பேசும்போது கம்பெனி வண்ணப் புத்தகத்தைக் கொண்டுபோகாதீர்கள். மெயின் போர்டில், லோடை அளந்து பதிவு செய்யும் லாகர் ஒன்றை ஒரு வாரம் மாட்டி, மணிக்கு மணி லோடு எவ்வளவு என்று எடுத்துக்கொண்டு போங்கள். நள்ளிரவுக்கு மேல் கோடு எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதைக் காட்டினால் பாதிப் பேர் வாதத்தை நிறுத்திவிடுவார்கள். சட்டமும் சில இடங்களில் துணைக்கு வரும். ஜெர்மனியில் 2020 டிசம்பர் 1 முதல், தன் செலவில் சார்ஜிங் வசதி செய்துகொள்ள அனுமதி கேட்கும் உரிமை அடுக்குமாடி உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் உண்டு. எப்படிச் செய்வது என்று கூட்டம் தீர்மானிக்கலாம், பொதுவாகக் கூடாது என்று சொல்ல முடியாது. வாடகைக்கு இருப்பவரும் வீட்டுக்காரரிடம் கேட்கலாம். கலிபோர்னியாவிலும், உரிமையாளர் தனக்கு ஒதுக்கிய பார்க்கிங்கில் சார்ஜிங் வைப்பதைக் குடியிருப்பு விதிகளால் தடுக்க முடியாது. செலவும் காப்பீட்டுப் பொறுப்பும் அவருடையது. நீங்கள் இருக்கும் இடத்தில் இப்படி ஒரு விதி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். சட்டம் கையில் இருந்தாலும் அதை முதல் கூட்டத்திலேயே மேஜையில் போட வேண்டாம்.

தீ பற்றி ஒருவர் கட்டாயம் எழுந்து கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். 2024 ஆகஸ்ட் 1 அன்று தென் கொரியாவின் இஞ்சியோனில் ஓர் அடுக்குமாடியின் அடித்தள பார்க்கிங்கில் மின்சார கார் ஒன்று தீப்பிடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் சேதமடைந்தன, புகையால் பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். அதைச் சொல்பவர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிடுவார்கள். அந்தக் கார் அப்போது சார்ஜில் இல்லை, இரண்டு நாளுக்கு மேலாகச் சும்மா நின்றிருந்தது. தண்ணீர் தெளிக்கும் அமைப்பு வேலை செய்யாதபடி ஊழியர் ஒருவர் நிறுத்திவிட்டார் என்று விசாரணையில் தெரிந்தது. லித்தியம் பேட்டரி எரிந்தால் அணைப்பது கடினம், அணைந்த பிறகும் மறுபடி பற்றும். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சார்ஜிங்கைத் தடுத்துவிட்டால் ஆபத்து போய்விடும் என்பது தவறு, கார் எப்படியும் அங்கேதான் நிற்கும். கேட்க வேண்டியது தெளிப்பான் வேலை செய்கிறதா, புகை வெளியேற வழி இருக்கிறதா, ஒரே சுவிட்சில் எல்லா சார்ஜிங் பாயிண்டையும் துண்டிக்க முடியுமா என்பதைத்தான்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு என் யோசனை: ஒயரும் எம்சிபியும் கனமான சாக்கெட்டும் வீட்டுக்காரர் செலவு, கையோடு எடுத்துப் போகக்கூடிய சார்ஜிங் கேபிள் உங்கள் செலவு என்று பேசிப் பாருங்கள். வீடு மாறும்போது கேபிள் உங்களோடு வரும், சாக்கெட் அடுத்த வாடகைதாரரை அழைத்து வரும்.

இனி, பார்க்கிங்கே இல்லை, அல்லது எத்தனை பேசியும் சங்கம் மசியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வழி உண்டு, ஆனால் சுகம் கொஞ்சம் குறையும். வாரம் 280 கிலோமீட்டர் ஓட்டினால் 42 யூனிட் வேண்டும். 50 யூனிட் பேட்டரியை 10 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற்றினால் 35 யூனிட் வரும். பேட்டரிக்கு நேராக டிசி கொடுக்கும் நல்ல ஃபாஸ்ட் சார்ஜரில் அரை மணி, முக்கால் மணி ஆகும். ஆக வாரத்துக்கு இரண்டு தடவை. கடைக்குப் போகும் நேரத்தோடு சேர்த்துக்கொண்டால் பெரிய பாரமில்லை. 80க்கு மேல் அங்கே உட்காராதீர்கள். பேட்டரி நிரம்ப நிரம்ப ஏற்றும் வேகம் குறையும், கடைசி 20 சதவீதத்துக்கு முந்தைய 70 சதவீதம் எடுத்த நேரமே பிடித்தாலும் ஆச்சரியமில்லை. பின்னால் நிற்பவரின் முகத்தையும் பார்க்க வேண்டும். யூனிட் விலை வீட்டைவிடப் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும், அதைக் கணக்கில் வைத்துத்தான் வாங்க வேண்டும். கடும் குளிர் உள்ள இடங்களில் பேட்டரி சூடாகும் வரை வேகம் ஏறாது.

ஃபாஸ்ட் சார்ஜரை நம்பி வாங்குவதானால் நான் வைத்திருக்கும் அளவுகோல்: வழக்கமாகப் போகும் வழியில் வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு நிலையங்களாவது இருக்க வேண்டும். ஒன்று என்றால், அது பழுதான அன்று உங்கள் காரும் பழுது. அலுவலகத்தில் எட்டு மணி நேரம் நிற்கும் காருக்கு அங்கே ஒரு மெதுவான பாயிண்ட் கிடைத்தால் வீட்டில் இல்லாத குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதைக் கேட்டுப் பெறுவது சங்கத்தோடு மல்லுக்கட்டுவதைவிடச் சுலபம். லண்டனில் தெருவிளக்குக் கம்பங்களிலேயே சார்ஜிங் பாயிண்ட் வைத்திருக்கிறார்கள், தெருவில் கார் நிறுத்துபவர்களுக்காக. இது எதுவும் கைக்கு எட்டவில்லை, தினமும் 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம் என்றால், இப்போதைக்குப் பொறுத்திருங்கள் என்றுதான் சொல்வேன். கார் நல்ல கார்தான், ஆனால் வாரம் நான்கு தடவை சார்ஜருக்கு அலைய ஆரம்பித்தால் அதன் மேல் வெறுப்பு வந்துவிடும்.

பேட்டரி எந்த வகை என்பதையும் கேட்டு வையுங்கள். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை என்றால் 100 சதவீதம் வரை ஏற்றுவதைத் தயாரிப்பாளர்களே வாரம் ஒருமுறை செய்யச் சொல்வதுண்டு. வீட்டில் பாயிண்ட் இல்லாதவருக்கு அது வசதி. நிக்கல் கலந்த வகை என்றால் அன்றாடத்துக்கு 80 சதவீதத்தோடு நிறுத்துவது ஆயுளுக்கு நல்லது. அப்போது உங்கள் கையில் உள்ள தூரம் விளம்பரத்தில் போட்டதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

எல்லாம் கூடி வந்து பாயிண்ட் போட்டாகிவிட்டது என்றால், முதல் வாரம் மட்டும் ஒரு சின்ன வேலை. சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கீழே போய், பிளக்கின் பின்பக்கத்தை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி, மேலே போய்த் தூங்கலாம். கை வைத்து ஐந்து நொடி பொறுக்க முடியவில்லை என்றால் அங்கேயே சார்ஜை நிறுத்திவிட்டு, காலையில் ஒயரிங் செய்தவரைக் கூப்பிடுங்கள். அவர் வந்து ஸ்க்ரூவை முறுக்கும்வரை அந்த சாக்கெட் வேண்டாம்.